ஊவாவின் கிண்ணமும் சிக்காகோவின் தோல்விகளும்: அணி முகாமை பற்றிய ஓர் ஆய்வு

2012 ஓகஸ்ட் 31 இரவு, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் ‘ஊவா நெக்ஸ்ட்’ அணி இலங்கைப் பிரீமியர் லீக் கிரிக்கெட் கிண்ணத்தை வென்றது. மழை குறுக்கிட்ட இறுதிப் போட்டியில் திலின கண்டம்பி தலைமையிலான அவ்வணி நாகெனஹிர நாகாஸ் அணியைத் தோற்கடித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ கப்ஸ் என்ற பேஸ்போல் அணி, ஆடிய 162 ஆட்டங்களில் 101இல் தோற்றது. நான்கு ஆண்டுகள் சென்றன. 2016 நவம்பரில் கப்ஸ், 108 ஆண்டு வறட்சிக்குப் பின் உலகத் தொடரை வென்றது. அப்போது ஊவா நெக்ஸ்ட் என்றொரு அணியே இருக்கவில்லை.

ஓர் அணியின் நீண்டகால வெற்றியை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். அடுத்த ஆட்டத்துக்காக அல்லாமல் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிந்திய அணிக்காக முடிவெடுக்கும் அதிகாரமும், அதற்கான பதவிக்காலமும் ஒருவருக்குச் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் வெற்றி நிலைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேஸ்போலில் மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்துபவர் வேறு, பொது முகாமையாளர் வேறு. எந்த வீரரை வாங்குவது, யாரை விடுவது, எந்த இளைஞரை எத்தனை ஆண்டு கீழ்மட்ட லீக்கில் வைத்து வளர்ப்பது, இருக்கும் பணத்தை எந்த ஆண்டுக்கு ஒதுக்குவது என்பவை பின்னவரின் பொறுப்பு. இந்தப் பொறுப்பின் அளவை முதலில் காட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு ஏலத்தில் போட்டியிட முடியாத சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக, 1920களில் சிறு நகர அணிகளை ஒவ்வொன்றாக வாங்கி, இளம் வீரர்களை அங்கேயே வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டை உருவாக்கினார். கார்டினல்ஸ் 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது. பின்னர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்குச் சென்ற அதே ரிக்கிதான், கறுப்பின வீரர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த கதவைத் திறந்து ஜாக்கி ரொபின்சனை 1947இல் களமிறக்கினார். திறமை எங்கே கிடக்கிறது என்று தேடியவருக்கு, அது யாரும் தேடாத இடத்தில் கிடப்பதும் தெரிந்தது.

சிக்காகோவில் தியோ எப்ஸ்டீன் 2011 இறுதியில் பேஸ்போல் நடவடிக்கைகளின் தலைவராகவும், ஜெட் ஹொயர் பொது முகாமையாளராகவும் பொறுப்பேற்றனர். பெயர்பெற்ற வீரர்களைக் கொடுத்து இளையோரைப் பெற்றனர். 2012, 2013, 2014 என மூன்று பருவங்களும் தோல்வியில் முடிந்தன. 2013இல் கல்லூரியிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட கிறிஸ் பிரையன்ட், 2016இல் நஷனல் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரரானார். சிக்காகோ பணக்கார அணியாயிற்றே என்ற மறுப்பு எழும்; அது நியாயமானது. ஆகையால் சிறிய சந்தையைக் கொண்ட கன்சாஸ் சிற்றி றோயல்ஸ் அணியையும் பார்க்க வேண்டும். டேட்டன் மூர் 2006இல் அதன் பொது முகாமையாளரானார். அவருடைய காலத்தில் வெற்றிகள் தோல்விகளை விஞ்சிய முதற் பருவம் 2013இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகள் உரிமையாளர் அவரை மாற்றவில்லை. 2006இல் வெனிசுவேலாவில் 16 வயதுச் சிறுவனாக ஒப்பந்தமான சல்வடோர் பெரெஸ், 2015இல் றோயல்ஸ் வென்ற உலகத் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானார். ஒரு சிறுவனைக் கண்டெடுத்ததற்கும் அவன் கிண்ணத்தைக் கொண்டுவந்ததற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள்.

இனி ஊவாவுக்கு வருவோம். 2012 லீக்கின் ஏழு அணிகளும் மாகாணப் பெயர்களைச் சூடியிருந்தன. ஆட்டங்களோ கொழும்பிலும் பல்லேகலையிலும் மட்டுமே நடந்தன. ஊவா மாகாணத்தில், பதுளையின் வின்சன்ட் டயஸ் மைதானத்தில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அணி ஒரு பருவத்துக்காக வாடகைக்குச் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் யோர்க்‌ஷயரிடம் தோற்றது; அந்தத் தொடருடன் அதன் கதை முடிந்தது. 2013 லீக் கைவிடப்பட்டது. 2020இல் லங்கா பிரீமியர் லீக் ஐந்து அணிகளுடன் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய பெயர்கள் இருந்தன. சாம்பியன் பட்டம் வென்ற ஊவாவின் பெயர் இல்லை. ஊவா நெக்ஸ்ட் அணியின் வீரர்களைக் குறை கூற ஒன்றுமில்லை. அவர்கள் வென்றார்கள். ஆனால், அந்த வெற்றியை எங்கே ஊன்றுவது என்று முடிவெடுக்க வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது.

இம்மாகாணத்தில் அந்த நாற்காலி காலியாகக் கிடப்பது புதிதல்ல. தோட்டங்களை வெள்ளைக்காரத் துரைமார் நடத்திய காலத்தில் திம்புள்ள, டிக்கோயா கழகங்களைப் போல ஊவாவுக்கும் ஒரு றக்பி அணி இருந்தது. அதன் வீரர்கள் பங்களாக்களிலிருந்து வந்தவர்கள். லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அந்தத் துரைமார் போனதும் இந்தக் கழகங்களின் உயிர்ப்பும் போயிற்று. கீழிருந்து வீரர்களை வளர்க்காத அணி, மேலிருந்தவர்கள் கப்பலேறியதும் சரிந்தது.

பதவிக்காலத்தின் முக்கியத்துவத்தைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பசறையிலோ நமுனுகுலையிலோ ஒரு பழைய தேயிலை மலையை மீள்நடுகை செய்வதென்றால் முதலில் செடிகளைப் பிடுங்க வேண்டும். மண் தேறுவதற்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல் போட வேண்டும். பிறகு கன்று நட்டு, கவாத்து செய்து, முறையாகக் கொழுந்து எடுக்கும்வரை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த மலையில் செலவு மட்டுமே உண்டு. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் போனபோது ஒப்பந்தக் காலம் ஐந்தே ஆண்டுகள். தான் நட்ட மலையில் வேறொருவர் கொழுந்து எடுப்பார் என்று தெரிந்த கம்பனி எப்படி நடும்? 1990களின் நடுப்பகுதியில் 53 ஆண்டுக் குத்தகை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், நீண்ட குத்தகை கிடைத்த பின்னும் மீள்நடுகை பல தோட்டங்களில் மந்தமாகவே நடக்கிறது. காலம் கொடுத்தால் மட்டும் போதாது, அதற்குக் கணக்குக் கேட்பவரும் வேண்டும் என்பதை இங்கிருந்தே கற்கலாம்.

திறமைக்குப் பஞ்சமா? ஞாயிறு மாலையில் ஏதாவதொரு தோட்டத்தில் நின்று பார்த்தால் போதும். லயத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் நடுவே கிடைத்த சமநிலத்தில் பையன்கள் மென்பந்து ஆடுகிறார்கள். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தேயிலை. பந்தைத் தூக்கி அடித்தால் அது மலைக்குள் போய்விடும் என்பதால், தரையோடு இடைவெளி பார்த்து அடிக்கப் பழகிய கைகள் அவை. அந்தக் கைகளுக்குக் கடினப் பந்து கிடைப்பதில்லை. பல தோட்டப் பாடசாலைகள் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. மேலே படிக்கப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போகும் பிள்ளை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால் மாலைப் பயிற்சிக்கு நிற்க முடிவதில்லை. முதல்தரக் கழகங்களோ பெரும்பாலும் கொழும்பையும் அதன் அயலையும் சுற்றியே உள்ளன. இலங்கையில் தெரிவாளர்கள் முன்னால் வந்து நிற்கும் வீரர்களில் இருந்து தெரிவு செய்கிறார்கள். வர முடியாதவனைத் தேடிப் போவது எவருடைய கடமையாகவும் எழுதப்படவில்லை.

அந்தக் கடமையை ஏற்க, ஊவா மாகாணத்துக்கென ஒரு விளையாட்டு முகாமையாளரைச் சம்பளத்துடன் நியமிக்க வேண்டும். பத்து ஆண்டுப் பதவிக்காலமும், ஐந்தாம் ஆண்டில் பகிரங்க மதிப்பீடும் அவருக்கு இருக்க வேண்டும். ஹப்புத்தளை முதல் லுணுகலை வரை தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பதிவு செய்வதும், அவர்களுக்குப் பதுளையில் தங்குமிடமும் பஸ் செலவும் ஏற்பாடு செய்வதும் அவரது முதல் வேலையாக இருக்கட்டும். தோட்டக் கம்பனிகள் தம் வசமுள்ள மைதானங்களை இதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும். இனி ஒருவர் ஊவாவின் பெயரில் அணி நடத்த முன்வந்தால், அவர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் இந்தச் செலவு முதல் நிபந்தனையாக இடம்பெற வேண்டும். மாகாண சபையும் கிரிக்கெட் நிறுவனமும் இதை ஏற்காவிட்டால், ஊவாவின் பெயரை எந்த அணிக்கும் கொடுக்கக் கூடாது.