தரங்கம்பாடி மணலில் தமிழ் பயின்றவர்

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு நாட்டிற்குச் செல்வோர் பல திறத்தினர். பொருள் தேடிச் செல்வோர் சிலர். ஆளச் செல்வோர் சிலர். தாம் நம்பும் சமயத்தை எடுத்துரைக்கச் செல்வோர் சிலர். வணிகனுக்கு விலை பேசுமளவு மொழி போதும். ஆள்வோனுக்குத் துபாஷி போதும். பிறர் உள்ளத்தோடு பேச விழைவோனுக்கோ, அவ்வுள்ளத்தின் மொழியே வேண்டும். அம்மொழியைக் கற்கப் புகுந்தவன் முன்போல் இருப்பதும் அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு.

சோழநாட்டுக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடியில், தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, 1620-இல் டேனியர் கோட்டை கட்டினர். அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கு நடந்தது பெரும்பாலும் வாணிகமே. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அவ்வூருக்குச் சமயப் பணியாளரை அனுப்ப எண்ணியபோது, முன்வந்தவர் ஜெர்மானியர் இருவர். சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்த சீகன்பால்கு ஒருவர். ஹென்ரிக் புளூட்சோ மற்றவர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறியவர்கள், 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்குவுக்கு அப்போது வயது 24 நிறையும் தறுவாய்.

வரவேற்பார் எவருமிலர். மன்னரின் ஆணையைக் கையில் கொண்டு வந்தவர்களைக் கோட்டை ஆளுநர் ஹாசியுஸ் ஐயக்கண் கொண்டே நோக்கினார். சமயம் பேச வந்தோரால் வாணிகம் கெடுமென்பது அக்காலக் கும்பினியாரின் அச்சம்.

இந்நிலையில் சீகன்பால்கு செய்த முதற்செயல் நம் கருத்திற்குரியது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அப்பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார். சிறுவர் நடுவே தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். கடல் கடந்து போதிக்க வந்தவர், அரிச்சுவடி மாணாக்கரானார்! ஆசிரியருக்கோ ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பின்னர் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்பவர் துணையால் அக்குறை நீங்கிற்று.

அவர் பயின்ற முறையையும் அவருடைய கடிதம் ஒன்று காட்டுகிறது. காலை 7 மணிமுதல் 8 வரை சொற்களை மீள நினைவுகூர்தல். 8 முதல் 12 வரை முன்பு படித்திராத தமிழ் நூல்களைப் படித்தல். அவ்வமயம் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். மாலையில் மீண்டும் நூல். இரவில் கண் தளர்ந்தபின், பிறர் படிக்கத் தாம் கேட்டல். ஏடுகளை விலைக்கு வாங்கி வருமாறு தம் எழுத்தர்களை உள்நாட்டிற்கு அனுப்பினார். 1708-இல் அவர் தொகுத்த பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று.

படித்ததன் பயன் யாது? தமிழர் கல்வியும் ஒழுங்குமற்ற மாந்தர் என்றே முதலில் தாம் எண்ணியிருந்ததாகவும், அவர்தம் மொழியைக் கற்று நூல்களைப் பயின்றபின் அவ்வெண்ணம் பிழையெனத் தெளிந்ததாகவும் அவரே எழுதினார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். எனினும், நம் நாட்டுச் சமய வழிபாட்டை அவர் அஞ்ஞானம் என்று கண்டித்ததும் உண்மையே. அறத்தைப் போற்றிய அவர், வழிபாட்டை ஏற்கவில்லை. இவ்விரண்டையும் மறையாது கூறுதலே வரலாற்றுக்கு முறை.

ஓர் ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டதிலிருந்து முற்றிய பிணக்கால், 1708 இறுதியில் ஆளுநர் அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். அவரைச் சிறைப்படுத்தியோர் தமிழரல்லர். அவரோடு ஒரே திருமறையை ஓதியவர்களே.

தமிழ் அச்சுக்கலை 1578-இலேயே கொல்லத்தில் தோன்றியிருந்தது. ஆனால் நெடுநாள் நிலைக்கவில்லை. தரங்கம்பாடிக்கு 1712-இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாய்த் தாளை விழுங்கின. ஆகவே, அருகிலுள்ள பொறையாற்றில் ஈயத்தை உருக்கிச் சிற்றெழுத்து வார்த்தனர். புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் முற்றுப்பெற்று வெளிவந்தது. 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று.

ஆனால் அவர் உழைத்தெழுதிய மற்றொரு நூலின் கதை வேறு. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி நூல்களிலும் மக்களின் கடிதங்களிலும் கண்டவற்றைத் தொகுத்து, 1713-இல் ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியார் பிராங்கே அதனை அச்சிட மறுத்துவிட்டார். பிற சமயத்தை வேரறுக்கவே பணியாளர் அனுப்பப்பட்டனரன்றி, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புதற்கன்று என்பது அவர் முடிவு. அந்நூல் 1867-இல் சென்னையில் அச்சேறிற்று. அதற்குள் ஆசிரியர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருந்தது. அனுப்பியவர்கள் விரும்பியது தமிழரை மாற்றுதலை. அவரோ தமிழரை அறிதலையும் தம் கடமையாகக் கொண்டார். இவ்விரண்டிற்குமிடையே நின்று அவர் தேய்ந்தார்.

புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் திறக்கப்பட்டது. கோபன்ஹேகனிலிருந்து பாராட்டு வரவில்லை, கண்டனமே வந்தது. நோயுற்றிருந்த சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், 36-ஆம் வயதில் காலமானார். அவர் உடல் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. ஆலயமும் டேனியர் கோட்டையும் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கின்றன.

அன்பர்களே! அவருடைய சமயக் கொள்கையை நாம் ஏற்கலாம், ஏற்காதிருக்கலாம். நாமும் பிழைப்பின் பொருட்டுப் பிறமொழி வழங்கும் ஊரில் குடியிருப்பவர்களே. அண்டை வீட்டாரின் நூல்களைப் படித்தறிய நம்மில் எத்தனை பேர் முயன்றோம்? நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் தமிழெழுத்தைத் தம் கையால் எழுதுவர்? வளர்ந்த பின்பும் சிறுவரோடு மணலில் அமர நாணாத ஒருவரைத் தரங்கம்பாடி கண்டது. அந்த நாணாமை நமக்கும் வாய்க்குமாயின், குடியேறிய ஊரும் நமதாகும். பிறந்த மொழியும் நம்மை விட்டு நீங்காது.