பாட்டனாரும் பேரனும்: நடுவில் 54 வருடங்கள்



ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் குடும்பங்களில் ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி இது: "சேர், மகளை அடுத்த வருடம் எங்கே போடுவது?" பலருடைய கையில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும். அதில் மூன்று விஷயங்கள் பெரிய எழுத்தில் இருக்கும்: இரட்டைப் பாடத்திட்டம், பெண்களுக்கு மட்டும், இன்டர்நெஷனல்.

இந்த மூன்றுக்கும் நம் ஊரிலேயே வரலாறு இருக்கிறது. படிவத்தை நிரப்புவதற்கு முன் அதைக் கொஞ்சம் பார்ப்போம். பதிவு நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இரட்டைப் பாடத்திட்டம். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் நல்ல ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரிடம் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று நம்மவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் அர்த்தம் இருந்தது. ஆனால் அதனால் ஒரு சமூகமே படிப்பில் பின்னுக்குப் போனது.

கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை (1838-1898) இதற்கு ஒரு வழி சொன்னார்: குர்ஆனும் அரபும் இருக்கட்டும், தமிழும் ஆங்கிலமும் கணிதமும் அதே கூரையின் கீழ் இருக்கட்டும். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி இதையே எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் கொழும்புக்கு வந்த ஒராபி பாஷாவும் அவருக்குத் துணை நின்றார். 1884இல் புதிய சோனகத் தெருவில் ஒரு மத்ரஸா திறக்கப்பட்டது. நம்மவர்களின் ஆதரவு போதாமல் அது நிலைக்கவில்லை.

அவர்கள் விடவில்லை. 1892இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மீண்டும் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. இந்த முயற்சியில் தோள் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர்தான்.

அடுத்தது, பெண்களுக்கு மட்டும். சித்திலெப்பை கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பாடசாலை திறந்தார். அவருடைய சகோதரியே அதற்குத் தலைமை ஆசிரியையாக இருந்தார். ஆனால் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி பம்பலப்பிட்டியில் வருவதற்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நிறுவியவர் சேர் ராசிக் பரீத். அவர் யார் தெரியுமா? அதே வாப்பிச்சி மரிக்காரின் பேரன்.

பாட்டனார் ஆண் பிள்ளைகளுக்காக உழைத்ததற்கும் பேரன் பெண் பிள்ளைகளுக்காக உழைத்ததற்கும் நடுவில் 54 வருடங்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி என்றால், மற்ற வீடுகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கல்லூரியின் முதல் அதிபராக வந்தவர் கேரளத்தில் பிறந்த பட்டதாரி ஆயிஷா ரவூப். திருமணத்தின் பின் இலங்கைக்கு வந்தவர். பாடசாலையை நடத்தியதோடு நிற்காமல் கொழும்பு மாநகர சபைத் தேர்தலிலும் நின்று வென்று, பிறகு பிரதி மேயராகவும் இருந்தார். "பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு?" என்று கேட்ட காலத்தில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்த்த பெண் அவர்.

மூன்றாவது, இன்டர்நெஷனல். இதைத்தான் பலர் சரியாக விளங்கிக்கொள்வதில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்கவும் தடை வந்தது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டபோது, கல்விச் சட்டத்தின் கீழ் வர முடியாத பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் வந்தன. அவைதான் இன்றைய இன்டர்நெஷனல் பாடசாலைகள். ஆகவே அந்தப் பெயரைப் பார்த்ததும் வெளிநாட்டுத் தரம் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் அது ஒரு பதிவு முறை. தரத்தை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வீட்டுத் தூரமும் வதிவிட ஆவணங்களும் கேட்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது பெரிய சுவர். ஆறாம் தரத்துக்குப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி. இவற்றுக்கு நடுவில் மார்க்கமும் ஆங்கிலமும் பெண்கள் சூழலும் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் மனம் போகாது?

ஆனால் கையெழுத்து வைக்கும் முன் அலுவலகத்தில் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: இரட்டை என்றால் எந்த இரண்டு? லண்டன் பாடத்திட்டமும் மார்க்கக் கல்வியுமா, அல்லது லண்டனும் உள்ளூர் சாதாரண தரமுமா? இரண்டும் வேறு வேறு.

இரண்டு: உள்ளூர்ப் பரீட்சைக்கும் பிள்ளையைத் தயார்படுத்துகிறார்களா? அங்கே தாய்மொழியும் வரலாறும் கட்டாயப் பாடங்கள். முதலாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்தில் மட்டுமே படித்த பிள்ளைக்குத் தமிழில் கட்டுரை எழுதுவது மலையாகத் தெரியும்.

மூன்று: உயர்தரம் இருக்கிறதா? எந்தப் பிரிவுகள்? பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆய்வுகூடம் உண்டா? நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் பிரதான வாசல் உள்ளூர் உயர்தர இசட் புள்ளிதான். மகள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் இதை 11 வயதிலேயே யோசிக்க வேண்டும். 16 வயதில் யோசித்தால் பிந்திவிடும்.

நான்கு: கடைசி வருடம் வரை கட்டணம் கட்ட நம்மால் முடியுமா? பத்தாம் ஆண்டில் வியாபாரம் படுத்ததும் நிறுத்தப்பட்ட பிள்ளைகளை என் ஆசிரிய வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். தம்பியின் கட்டணம் தொடர்ந்து கட்டப்படும், தாத்தாவின் படிப்பு நிற்கும். 54 வருட இடைவெளி என்று மேலே சொன்னேனே, அது இன்னும் சில வீடுகளுக்குள் இருக்கிறது.

வசதி உள்ளவர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1945இல் ஏ. எம். ஏ. அஸீஸ் முஸ்லிம் மாணவருக்கென ஒரு புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு மஹல்லாவும் வருடத்துக்கு ஒரு பெண் பிள்ளையின் கடைசி இரண்டு வருடப் படிப்பைப் பொறுப்பெடுத்தால் போதும். 1884இல் திறக்கப்பட்ட மத்ரஸா நிலைக்காமல் போனதற்குக் காரணம் தோள் கொடுக்க ஆள் இல்லாதது.

அடுத்த வருடம் மகளைச் சேர்க்க இருக்கும் பெற்றோருக்கு இதை அனுப்பி வையுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.