ஸ்டென்ட் வைத்தவருக்கு மூன்று மாத்திரைகள்: ரத்தக்குழாய்க்கு எது நல்லது?

உங்கள் வீட்டில் யாருக்காவது இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா? அவருடைய மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். ஆஸ்பிரினோடு குளோபிடோகிரல், பிரசுகிரல், டிகாகிரலோர் மூன்றில் ஒன்று அநேகமாக இருக்கும்.

"எல்லாம் பிளட் தின்னர்தானே, ஒண்ணுதான்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத்தான் தடுக்கின்றன. மூன்றும் அடைப்பது தட்டணுவின் மேல் இருக்கும் பி2ஒய்12 என்ற ஒரே பூட்டை. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி வேறு.

குளோபிடோகிரலைக் கல்லீரல் மாற்றிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அந்த வேலையைச் செய்யும் முக்கிய நொதியின் மரபணு, சீனர், இந்தியர் இரு தரப்பிலும் ஏறக்குறைய இருவரில் ஒருவருக்குச் சற்றுப் பலவீனமானது. அவர்களுக்கு மருந்தின் வேகம் குறையலாம். பிரசுகிரலும் கல்லீரல் வழியாகத்தான் போகிறது, ஆனால் இந்தத் தடையில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. டிகாகிரலோருக்கு மாற்றமே தேவையில்லை. நாளுக்கு இரண்டு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தக்குழாய்க்கு என்ன ஆகிறது?

குழாய் என்றதும் பிவிசி பைப் ஞாபகத்துக்கு வரும். இது அப்படியில்லை. அதன் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து குழாயை விரியச் செய்யும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. இதய நோயில் முதலில் கெடுவது இந்த உட்சுவர்தான்.

சோதிப்பது எளிது. முன்கையில் பட்டையை இறுக்கி 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். விட்டதும் கையின் ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

ஜெர்மனியில் ஸ்டென்ட் வைத்த 90 பேரிடம் மூன்று மருந்துகளையும் இப்படி ஒப்பிட்டார்கள். பிரசுகிரல் எடுத்தவர்களின் குழாய் குளோபிடோகிரல் எடுத்தவர்களைவிட நன்றாக விரிந்தது. குழாயை விரிக்கும் அடினோசினைக் கூட்டுகிறது என்பதால் டிகாகிரலோர்தான் ஜெயிக்கும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். அதில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை.

90 பேர் சின்னக் கூட்டம். ஆனால் 2019இல் வெளியான 4,018 பேரின் ஆய்விலும் பிரசுகிரல்தான் முந்தியது. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்று பிரசுகிரல் பிரிவில் 6.9 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது, டிகாகிரலோர் பிரிவில் 9.3. உட்சுவர்தான் காரணமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது.

அப்போ எல்லோருக்கும் பிரசுகிரலா?

இல்லை. முன்பு பக்கவாதம் வந்தவருக்கு அது கூடாது. 75 வயதைத் தாண்டியவர், 60 கிலோவுக்குக் குறைந்தவர் ஆகியோருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடுதல். குளோபிடோகிரலில் கசிவு குறைவு. மூத்தோருக்கு அதுவே பொருந்தலாம்.

டிகாகிரலோர் சாப்பிடும் உங்கள் அப்பா மூச்சு வாங்குகிறது என்றால், மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம், இதயக் கோளாறாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்: முதல் சில மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடலாம். பல் பிடுங்கப் போனாலும் மாத்திரையின் பெயரைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.