கண்மாய் ஈரநிலம் இல்லையா? மத்திய அரசு விதி சொல்வது என்ன?

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டி பக்கம் கண்மாயில் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் தானாக வந்துவிடும். ஆனால் மத்திய அரசு விதிப்படி அது ஈரநிலம் இல்லை. ஏன்?

2010-ல் வந்த விதியில் குளம், நீர்த்தேக்கம் எல்லாமே அடக்கம். அதை மாற்ற 2016 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு வெளியிட்டு, 60 நாள் மக்களிடம் கருத்து கேட்டது. 2017 செப்டம்பரில் வந்த இறுதி விதியோ, பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலைகளை வெளியே தள்ளிவிட்டது. நம்ம ஊர் கண்மாய்கள் வேறு எதற்கு வெட்டப்பட்டவை?

அதனால் என்ன நஷ்டம்? ஈரநிலமாக அறிவித்த இடத்தில் ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுவது, கழிவுநீர் விடுவது எல்லாவற்றுக்கும் தடை உண்டு. கண்மாய்க்கு அந்தக் காவல் கிடையாது. தமிழக அரசின் 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றும். அதுவும் பொதுப்பணித்துறை வசமுள்ளவற்றுக்குத்தான். ஊராட்சி ஒன்றியக் கண்மாய்கள் அதில் வராது.

வேடிக்கை என்னவென்றால், வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். அது 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.