கத்தி செல்லும் வழி

கருவி கூர்மையாயிருந்தால் மட்டும் போதாது. அது செல்லும் வழியும் செம்மையாயிருத்தல் வேண்டும். வழி பிழைப்பின் கூர்மையே கேடாக முடியும். இரும்பு கடையும் பட்டறைக்கும் பால்மரத் தோட்டத்திற்கும் பொதுவான உண்மை இது. ஜொகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த தமிழர், இவ்வுண்மையை நூலிற் கற்றவரல்லர், கையாற் கற்றவர்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இரப்பர் விதைகள் இலண்டனையடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மரம் வந்தது, அதனை வெட்டும் முறை வரவில்லை. அமேசான் காடுகளில் கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர். ஒவ்வொரு கொத்தும் ஒரு புண்ணாயிற்று. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், 1890களில் இதற்கு மாற்றுக் கண்டார். புதுப்புது இடங்களில் கொத்தாது, ஒரே வெட்டின் விளிம்பை மெல்லச் சீவி மீண்டும் திறப்பதே அம்முறை. தோட்டத் தொழில் ஓங்குவதற்கு அது வழிவகுத்தது. லாபிஸ் வழியே கெமாஸையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் இருப்புப்பாதை 1909இல் நிறைவெய்தியபின், அப்பகுதியில் காடழித்து மரம் நடுதல் எளிதாயிற்று.

இம்முறையின் நுட்பம் வியத்தற்குரியது. பட்டையினுள் பால் செல்லும் நுண்குழாய்கள் நேராக நில்லாமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அவற்றுள் மிகுதியானவற்றை அறுப்பதற்காகவே, வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இறங்குகிறது. ஒருமுறை சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவினது. மரத்தை வளர்க்கும் உயிர்ப்படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பே கத்தி நிற்றல் வேண்டும். இவ்வளவும் விடியுமுன், தலைவிளக்கின் சிற்றொளியில், நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களில் நிகழ்ந்தது.

பிழை நேர்ந்தால் மரமே அதனைக் காட்டிக் கொடுத்தது. பால் குறைந்தால் கத்தி ஆழம் போகாமை அதற்குக் காரணமாகலாம். ஏனெனில் பால்குழாய்கள் உட்பட்டையிலேயே நெருங்கியுள்ளன. உயிர்ப்படலம் தொட்டால் காயம். அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர, பின்னாளில் அங்குக் கத்தி நேரே செல்லாது. சாய்வு குறைந்தால் பால் மங்கில் விழாமல் பட்டைமேல் வழிந்தோடும். சீவல் தடித்தால், பல்லாண்டு நீடிக்க வேண்டிய பட்டை விரைவில் தீரும். ஆகவே மேற்பார்வையாளர் மங்கிலிருந்த பாலை அளந்ததோடு நில்லாமல், வெட்டுமுகத்தின் காயங்களையும் எண்ணினர். தடத்தைக் கண்டு காரணத்தை அறியும் இம்முறைக்குத் துணையாக, 1925இல் நிறுவப்பெற்ற மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டுமுறைகளை ஆய்ந்து நெறிப்படுத்தியது. மரத்தில் தகடு வைத்துச் சாய்வுக்கோடு வரைந்த பின்னரே கத்தி பட்டையைத் தொட்டது.

இதே சிக்கலைப் பட்டறையும் எதிர்கொண்டது. 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் பொறி செய்து காட்டப்பெற்றது. அதன் வழிவந்த சி.என்.சி. பொறி இன்று வீட்டு மேசைமேலும் நிற்கிறது. அங்கும் தடமே சான்று. வடிவம் முழுவதும் ஒருபுறம் விலகியிருப்பின், தொடக்கப்புள்ளி பிழை. நடுவில் தொடங்கி விலகின், மோட்டார் தன் அடிகளுள் சிலவற்றைத் தவறவிட்டது எனலாம். பொருள் எப்புறமும் மூன்று மில்லிமீட்டர் தேய்ந்திருப்பின், ஆறு மில்லிமீட்டர் கத்தியின் நடுப்புள்ளி கோட்டின்மேலேயே சென்றிருக்கிறது. அரைவிட்ட அளவு விலக்க மறந்ததே காரணம். அறிந்தோர் முதலில் கத்தியைப் பொருளுக்கு மேலே வெறுவெளியில் ஓட்டிப் பார்ப்பர். தோட்டத்தில் தகடு வைத்துக் கோடிட்டதும் இத்தகைய முன்னெச்சரிக்கையே.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. உலோகக் கட்டி அளவு மாறாதது. மரமோ ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒரே மரத்திலும் பட்டையின் தடிப்பு இடத்திற்கிடம் மாறும். சீனாவின் ஹைனான் தீவில் பால் வெட்டும் பொறிகளை அண்மைக்காலத்தில் சோதித்தவர்களுக்கும் இம்மாறுதலே பெருஞ்சவாலாயிற்று. எண்ணும் உணர்கருவியும் கொண்டு பொறி இன்று தேடுகின்ற அந்த ஒரு மில்லிமீட்டரை, பள்ளிக்கூடம் காணாத தாய்மார் பலர் மணிக்கட்டின் அசைவால் கண்டனர்.

ஜொகூரின் இரப்பர் நிலங்களில் பெரும்பகுதி இன்று எண்ணெய்ப்பனைக்கு இடந்தந்துவிட்டது. கத்தி பிடித்த கைகளும் அருகி வருகின்றன. அவ்வுழைப்பைக் கூறும் வரலாறுகள் பெரும்பாலும் வியர்வையையும் வறுமையையும் பேசுகின்றன. அவை உண்மையே, ஆயினும் முழுமையல்ல. தோட்டத் தமிழர் துன்புற்றவர் மட்டுமல்லர். நுண்தொழில் வல்லுநரும் ஆவர். சீவல், காயம், நிரை, மங்கு என்னும் அவர்தம் சொற்களைப் பொருளோடு தொகுத்து வைத்தல், அவ்வல்லமைக்கு மொழி செய்யக்கூடிய மரியாதையாகும். முதியோர் சிலர் இருக்கும்போதே அது நிகழ்தல் வேண்டும்.