செபுல்தூரா: தோற்றமும் தொடக்க ஆண்டுகளும் (1984–1989)

செபுல்தூரா பிரேசில் நாட்டைச் சேர்ந்த மெட்டல் இசைக்குழு. மினாஸ் ஜெராயிஸ் மாநிலத் தலைநகரான பெலோ ஒரிசோன்டேயில் 1984ஆம் ஆண்டு மாக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா என்னும் சகோதரர்கள் இதைத் தொடங்கினர். அப்போது மாக்ஸுக்கு வயது 15, இகோருக்கு 14. ஐந்தே ஆண்டுகளில் இக்குழுவின் இசை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கேட்கப்பட்டது. அதுவரை உலகின் மெட்டல் ரசிகர்கள் அறிந்திருந்த குழுக்கள் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்தவை. அந்த வரைபடத்தில் தென் அமெரிக்காவுக்கும் ஓர் இடம் உண்டு என்று காட்டியது செபுல்தூரா. குழு தோன்றிய சூழலையும், 1989 வரையிலான அதன் பயணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நாடும் காலமும்

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை இராணுவ ஆட்சி நடந்தது. செய்தித்தாள்களும் பாடல்களும் தணிக்கைக்கு உள்ளாயின. 1970களின் இறுதியில் கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தன. 1985 ஜனவரி 15 அன்று தேர்வாளர் குழு தாங்க்ரேதோ நெவிஸைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததும் குடிமக்கள் ஆட்சி திரும்பியது. நெவிஸ் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தவர். பதவியேற்கும் முன்பே நோயுற்று அவ்வாண்டு ஏப்ரலில் இறந்துபோனார்.

அதே ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் முதலாவது 'ராக் இன் ரியோ' விழா நடந்தது. குவீன், அயர்ன் மெய்டன், ஏசி/டிசி, ஸ்கார்பியன்ஸ், ஓஸி ஆஸ்போர்ன் முதலியோர் பங்கேற்றனர். பெரிய ராக் குழுக்களைப் பிரேசில் இளைஞர்கள் நேரில் காண்பது அரிதாக இருந்த காலம் அது. இறக்குமதி வரிகள் மிகுதி. வெளிநாட்டுக் கிட்டாரும் ஒலிபெருக்கியும் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாத விலையில் இருந்தன. நாட்டின் கடன் பெருகியது, பணவீக்கம் ஆண்டுதோறும் ஏறியது.

பெலோ ஒரிசோன்டே திட்டமிட்டுக் கட்டப்பட்டு 1897இல் திறக்கப்பட்ட நகரம். பெயரின் பொருள் 'அழகிய தொடுவானம்'. சுற்றிலும் இரும்புத் தாதுச் சுரங்கங்களும் பழைய கத்தோலிக்கத் தேவாலய நகரங்களும் உள்ளன. செபுல்தூரா உருவான சாந்தா தெரேசா பகுதிக்கு முன்பே ஓர் இசை வரலாறு உண்டு. மில்டன் நசிமெண்டோவும் நண்பர்களும் 'தெருமுனைக் கழகம்' என்ற பொருள் தரும் 'க்ளூபே த எஸ்கினா' என்ற பெயரில் ஒன்றுகூடியது அங்குள்ள ஒரு தெருமுனையில்தான். 1972இல் அதே பெயரில் வெளிவந்த அவர்களின் இசைத்தட்டு பிரேசில் இசையின் சிகரங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பகுதியிலிருந்து முற்றிலும் வேறான ஓர் இரைச்சல் எழுந்தது.

கவலேரா சகோதரர்கள்

மாக்ஸ் 1969 ஆகஸ்டிலும் இகோர் 1970 செப்டம்பரிலும் பிறந்தனர். தந்தை கிராத்சியானோ கவலேரா இத்தாலியர். சாவோ பாவ்லோ நகரிலிருந்த இத்தாலியத் தூதரக அலுவலகத்தில் பணியாற்றினார். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. 1979இல் தந்தை மாரடைப்பால் இறந்தார். குடும்பத்தின் வருமானம் ஒரேயடியாக நின்றது. தாய் வானியா பிள்ளைகளுடன் பெலோ ஒரிசோன்டேக்கு இடம்பெயர்ந்தார்.

பத்து வயதை ஒட்டிய பருவத்தில் தந்தையையும் பழகிய நகரையும் வசதியையும் இழந்த சிறுவர்கள் இசையில் ஒதுங்கினர். 1981இல் சாவோ பாவ்லோவில் நடந்த குவீன் நிகழ்ச்சி அவர்களை ராக் இசையின் பக்கம் திருப்பியது. பிளாக் சாபத், மோட்டார்ஹெட், அயர்ன் மெய்டன் ஆகியவற்றைத் தொடர்ந்து கேட்டனர். பின்னர் இங்கிலாந்தின் வெனம், சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர், ஜெர்மனியின் சோடம், கிரியேட்டர், அமெரிக்காவின் ஸ்லேயர் ஆகிய குழுக்களின் இசை கைக்கு வந்தது. வேகமும் முரட்டுத்தன்மையும் கொண்ட இந்த இசை முன்பு கேட்டவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. இருவரும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு குழு அமைப்பதில் இறங்கினர்.

பெயர்க் காரணம் எளிமையானது. மோட்டார்ஹெட் குழுவின் 'டான்சிங் ஆன் யுவர் கிரேவ்' பாடலை மாக்ஸ் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்க்க முயன்றார். 'கிரேவ்' என்பதற்குக் கிடைத்த சொல் 'செபுல்தூரா', அதாவது கல்லறை. அச்சொல்லே குழுவின் பெயராயிற்று.

முதல் அணியும் பிளவும்

சகோதரர்களில் மாக்ஸ் கிட்டாரையும் இகோர் டிரம்ஸையும் ஏற்றனர். பாவ்லோ ஜூனியர் பேஸ் கிட்டாருக்கு வந்தார். தொடக்கத்தில் பாடியவர் வாக்னர் லாமூனியர். கருத்து வேறுபாட்டால் 1985இன் முற்பகுதியில் அவர் விலக, பாடும் பொறுப்பு மாக்ஸுக்கு வந்தது. ஜைரோ கெத்ஸ் இன்னொரு கிட்டார் கலைஞராகச் சேர்ந்தார்.

விலகிய வாக்னர் சர்கோஃபகோ என்ற குழுவின் பாடகரானார். அக்குழு 1987இல் வெளியிட்ட 'ஐ.என்.ஆர்.ஐ.' இசைத்தட்டு நார்வேயின் பிளாக் மெட்டல் இளைஞர்களைப் பெரிதும் ஈர்த்தது. ஆக, ஒரு சிறு குழுவில் நேர்ந்த பிளவிலிருந்து பிரேசிலின் தீவிர மெட்டல் இசை இரண்டு கிளைகளாக வளர்ந்தது. இரு குழுக்களுக்கும் இடையே பகை நெடுங்காலம் நீடித்தது.

கோகுமெலோ கடையும் முதல் ஒலிப்பதிவும்

பெலோ ஒரிசோன்டே இளைஞர்கள் கூடுமிடமாக இருந்தது கோகுமெலோ என்ற இசைத்தட்டுக் கடை. 'கோகுமெலோ' என்றால் காளான். 1985இல் இக்கடை தானே இசைத்தட்டு வெளியிடத் தொடங்கியது. அதன் முதல் வெளியீட்டின் ஒரு பக்கத்தில் அதே ஊரின் ஓவர்டோஸ் குழுவின் 'செக்குலோ எக்ஸ்.எக்ஸ்.', மறுபக்கத்தில் செபுல்தூராவின் 'பெஸ்டியல் டெவாஸ்டேஷன்' இடம்பெற்றன.

செபுல்தூராவின் பகுதி 1985 ஆகஸ்டில் இரண்டே நாட்களில் பதிவாயிற்று. உறுப்பினர்கள் அட்டையில் தங்களுக்குப் புனைபெயர்கள் சூட்டிக்கொண்டனர். மாக்ஸ் 'பொசெஸ்ட்', இகோர் 'ஸ்கல்கிரஷர்', பாவ்லோ 'டெஸ்ட்ரக்டர்', ஜைரோ 'டார்மென்டர்'. சாத்தான், நரகம், அழிவு பற்றிய வரிகள் பெரும்பாலும் வெனம், ஹெல்ஹாமர் போன்ற குழுக்களைப் பார்த்து எழுதப்பட்டவை. ஆங்கிலமும் அரைகுறையாகவே தெரிந்திருந்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் பெரியவர்களை அச்சுறுத்தச் செய்த முயற்சி என்று அதைக் கொள்ளலாம். கத்தோலிக்க நம்பிக்கை ஆழமாக வேரூன்றிய ஊரில் அந்த முயற்சிக்குப் பொருள் இருந்தது.

முதல் முழு ஆல்பமான 'மார்பிட் விஷன்ஸ்' 1986 நவம்பரில் வெளியானது. கிட்டார்களைச் சுருதி சேர்க்கக்கூட அப்போது அக்கறை காட்டவில்லை என்று மாக்ஸ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஒலி கலங்கலாக இருந்தது, தாளம் அவ்வப்போது தடுமாறியது. ஆயினும் அந்த ஆல்பத்தின் 'ட்ரூப்ஸ் ஆஃப் டூம்' பாடல் நிலைத்து நின்றது. கிட்டாரில் சுழன்று வரும் சிறு சொற்றொடர், கரகரத்த குரல், விரைந்து ஓடும் டிரம்ஸ் என்ற மூன்றின் சேர்க்கை பின்னர் டெத் மெட்டல் எனப்பட்ட பாணிக்கு மிக நெருக்கமானது. புளோரிடாவின் டெத், கலிபோர்னியாவின் பொசெஸ்ட் ஆகிய குழுக்கள் அப்பாணியை வகுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பெலோ ஒரிசோன்டேயிலும் அது உருவாகிக்கொண்டிருந்தது.

செபுல்தூரா தனித்து நிற்கவில்லை. 1986இல் கோகுமெலோ வெளியிட்ட 'வார்ஃபேர் நாய்ஸ்' தொகுப்பில் சக்கால், மியூட்டிலேட்டர், ஹோலோகாஸ்டோ, சர்கோஃபகோ ஆகிய நான்கு குழுக்கள் இடம்பெற்றன. ஒரே நகரில், ஒரே கடையைச் சுற்றி, ஏறக்குறைய ஒரே வயதுடையவர்கள். கேசட்டுகளையும் ரசிகர் இதழ்களையும் அஞ்சலில் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் இவர்களை வெளிநாட்டு ரசிகர்களோடு இணைத்தது.

ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸரின் வருகை

1987இல் ஜைரோ கெத்ஸ் விலகினார். அவருடைய இடத்துக்கு சாவோ பாவ்லோ வட்டாரத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர் வந்தார். 1968இல் பிறந்த கிஸ்ஸர் முறையாகப் பயின்ற கிட்டார் கலைஞர். அவர் வந்தபின் குழுவின் இசை ஒழுங்கு பெற்றது. 1987 இறுதியில் வெளிவந்த 'ஸ்கிசோஃப்ரீனியா' ஆல்பத்தில் இம்மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. பாடல்களின் அமைப்பு சிக்கலானது. த்ராஷ் மெட்டலின் கூர்மையும் டெத் மெட்டலின் கனமும் ஒன்றிணைந்தன. வாய்ப்பாட்டு இல்லாத ஏழு நிமிட 'இன்க்விசிஷன் சிம்பொனி' இதற்குச் சான்று. பின்லாந்தின் செல்லோ குழுவான அபோகலிப்டிகா 1998இல் இதை வாசித்ததோடு, தன் ஆல்பத்துக்கும் அதே பெயரைச் சூட்டியது.

பாடுபொருளும் மாறியது. சாத்தானியச் சொற்கள் குறைந்து மனச்சிதைவு, அச்சம், தனிமை ஆகியவை இடம்பிடித்தன. இகோருக்கு அப்போது வயது 17. குழு தன் இருப்பிடத்தையும் சாவோ பாவ்லோவுக்கு மாற்றிக்கொண்டது. வாய்ப்புகள் அங்கேதான் இருந்தன. ஆனால் வளர்த்த ஊரையும் உடன் வளர்ந்த குழுக்களையும் விட்டுச்செல்ல வேண்டியிருந்தது.

நியூயார்க் ஒப்பந்தம்

அடுத்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றைத் தேட வேண்டும். 1988இன் தொடக்கத்தில் மாக்ஸ் நியூயார்க் சென்று ரோட்ரன்னர் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தாருடன் பேசினார். நெதர்லாந்தில் தோன்றிய அந்நிறுவனம் செபுல்தூராவை மேடையில் பார்க்காமலேயே ஒப்பந்தம் செய்தது. அதற்காக அது பெரும் பணம் எதையும் கொடுத்துவிடவில்லை. பிரேசில் குழுவின் இசைத்தட்டு விற்குமா என்ற ஐயம் இருந்தது. அடுத்த ஆல்பத்துக்கு முதலில் ஒதுக்கப்பட்ட தொகை 8,000 டாலர். முடிவில் செலவு ஏறக்குறைய இரு மடங்காயிற்று.

'பினீத் த ரிமைன்ஸ்' (1989)

தயாரிப்பாளராக வந்தவர் அமெரிக்காவின் ஸ்காட் பர்ன்ஸ். புளோரிடாவின் டாம்பா நகரிலிருந்த மாரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பணியாற்றியவர். பிரேசிலைப் பார்க்கும் ஆவலில் 2,000 டாலர் என்ற குறைந்த ஊதியத்துக்கு அவர் இசைந்தார். 1988 டிசம்பரின் பிற்பாதியில் ரியோ டி ஜெனிரோவின் 'நாஸ் நுவென்ஸ்' கூடத்தில் இரவு எட்டு மணி முதல் விடியற்காலை ஐந்து மணி வரை பதிவு நடந்தது. பின்னர் டாம்பாவில் ஒலிக்கலவை செய்யப்பட்டது. ஏதீஸ்ட் குழுவின் கெல்லி ஷேஃபர் ஒரு பாடலுக்கு வரிகள் எழுதினார். அவரும் ஒபிச்சுவரி குழுவின் ஜான் டார்டியும் பின்குரல் கொடுத்தனர்.

அட்டைக்கு ஓவியர் மைக்கேல் வீலனின் ஓர் ஓவியத்தைக் குழுவினர் விரும்பியிருந்தனர். இகோர் அதன் ஒரு பகுதியைத் தன் கையில் பச்சை குத்தவும் தொடங்கிவிட்டார். நிறுவனமோ அதை ஒபிச்சுவரி குழுவுக்கு அளித்துவிட்டு, வீலனின் வேறோர் ஓவியத்தைச் செபுல்தூராவுக்குத் தந்தது. இன்று அந்த ஆல்பத்தை அந்தச் செந்நிற மண்டையோடு இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் பெரிய நிறுவனத்தின் முன் ஒரு புதிய குழுவின் சொல் எவ்வளவு செல்லுபடியாகும் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

1989 ஏப்ரலில் 'பினீத் த ரிமைன்ஸ்' வெளியானது. போரும் அழிவும் தனிமனிதனின் உறுதியும் அதன் பாடுபொருள்கள். அவ்வாண்டு ஜெர்மனியின் சோடம் குழுவுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டனர். பிரேசிலுக்கு வெளியே குழு வாசித்தது அதுவே முதல் முறை. அக்டோபர் 31 அன்று நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் கிங் டயமண்ட் குழுவுக்கு முன்னோடியாக அமெரிக்காவின் முதல் நிகழ்ச்சியை நடத்தினர். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 15 அன்று, 1960க்குப் பின் முதல் முறையாகப் பிரேசில் மக்கள் தங்கள் குடியரசுத் தலைவரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கச் சென்றனர். அவ்வாண்டின் பணவீக்கம் ஆயிரம் விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

மதிப்பீடு

செபுல்தூராவின் தொடக்க இசையில் பிரேசில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. பாடல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. சம்பாவோ வடகிழக்குத் தாளங்களோ அவற்றில் இல்லை. உள்நாட்டுத் தாளங்களும் அரசியலும் 'கேயாஸ் ஏ.டி.' (1993), ஷவான்தே பழங்குடியினருடன் இணைந்து வாசித்த 'ரூட்ஸ்' (1996) ஆகிய ஆல்பங்களில்தான் வெளிப்படையாக வந்தன. ஆயினும் தொடக்க ஆல்பங்களிலும் நாடு இருக்கிறது. கிடைத்த கருவி, கிடைத்த இரண்டு நாள், கடைக்காரர் ஒருவர் வெளியிட்ட இசைத்தட்டு, தானாகக் கற்ற ஆங்கிலம் ஆகியவற்றின் தடம் ஒவ்வொரு பாடலிலும் கேட்கிறது.

இல்லாமையே கலையை உண்டாக்கியது என்று இதை அழகுபடுத்துவது சரியாகாது. அதே இல்லாமையில் அதே நகரின் வேறு பல குழுக்கள் ஓரிரு இசைத்தட்டுகளோடு நின்றுபோயின. செபுல்தூராவை நகர்த்தியவை தெளிவானவை: தவறுகளுடன் வெளியிடத் தயங்காத துணிவு, கிஸ்ஸர் கொண்டுவந்த பயிற்சி, மாக்ஸின் நியூயார்க் பயணம் போன்ற முயற்சிகள், கூடவே கொஞ்சம் நல்வாய்ப்பு.

1996 இறுதியில் மாக்ஸும் 2006இல் இகோரும் குழுவை விட்டு விலகினர். கிஸ்ஸரும் பாவ்லோவும் தொடர்ந்து நடத்திய குழு, நாற்பதாம் ஆண்டையொட்டிப் பிரியாவிடைப் பயணத்தை அறிவித்தது. மறுபுறம் கவலேரா சகோதரர்கள் 2023இல் 'பெஸ்டியல் டெவாஸ்டேஷன்', 'மார்பிட் விஷன்ஸ்' இரண்டையும் புதிதாக ஒலிப்பதிவு செய்து வெளியிட்டனர். ஐம்பதைக் கடந்த இருவர், தாங்கள் சிறுவயதில் சுருதி சேராமல் வாசித்த பாடல்களை இம்முறை சுருதி சேர்த்து வாசித்தனர். பழைய பதிவுகளை நாடும் ரசிகர்கள் இன்றும் குறையவில்லை.