மின்வண்டியும் அதன் செருகியும்

இலங்கையிற் சற்றுப் பழைய வீடொன்றின் சுவர்களை நோக்கினால், வட்டத் துளை கொண்ட மின்குதையும் சதுரத் துளை கொண்ட மின்குதையும் அருகருகே அமைந்திருப்பதைக் காணலாம். இரண்டும் பிரித்தானியர் வழியாக வந்தவையே. வட்டத் துளை முந்தியது. சதுரத் துளை 1947ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான நியமத்தைத் தழுவியது. கடையில் வாங்கிய மின்னழுத்தியின் செருகி சுவருக்குப் பொருந்தாவிடின், சில ரூபாய்க்கு ஒரு மாற்றுச் செருகி வாங்கினால் இடர் தீரும். மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டிக்கோ அவ்வாறு எளிதில் தீர்வு கிடைப்பதில்லை. அதன் செருகி மின்சாரத்தைக் கடத்துவதோடு அமைவதன்று. எவ்வளவு மின்சாரம் வேண்டும், எப்பொழுது நிறுத்தவேண்டும் என்பவற்றை வண்டியும் மின்னேற்றியும் அதன் வழியாகவே தமக்குள் அறிவித்துக்கொள்கின்றன. துளைகள் பொருந்தினும் அவற்றின் மொழி பொருந்தாவிடின் மின்சாரம் பாயாது. இக்காரணத்தால் எழுந்த வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முற்றுப்பெறவில்லை.

வழக்கின் தொடக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். புகையால் மூச்சு முட்டிய அம்மாநிலத்தின் வளி வளச் சபை 1990இல் ஒரு விதி செய்தது. பெரிய கம்பனிகள் அங்கு விற்கும் கார்களில் 1998இல் நூற்றுக்கு 2 பங்கும், 2003இல் நூற்றுக்கு 10 பங்கும் புகையே கக்காதனவாக இருத்தல் வேண்டும் என்பதே அது. இவ்விதி பின்னர்ப் பலமுறை தளர்த்தப்பட்டதாயினும், கம்பனிகள் அஞ்சி வேலையைத் தொடங்கிவிட்டன. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1996இல் ஈ.வி.1 என்னும் வண்டியை வெளிவிட்டது. அதற்கு மின்னேற்றும் முறை விந்தையானது. கையளவான பிளாத்திக்குத் துடுப்பொன்றை வண்டியின் முகப்பிலுள்ள பிளவிற் செருகவேண்டும். உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. காந்தத் தூண்டலினாலேயே மின்சாரம் உட்செல்லும். கொட்டும் மழையிலும் குழந்தை கூட அதைத் தொடலாம் என்பதே அக்கம்பனி கண்ட பெருமை. போர்ட், ஹொண்டா ஆகிய கம்பனிகளோ உலோக முனைகள் நேரே தொடும் செருகியைக் கைக்கொண்டன. அதற்குச் சுவரிற் பொருத்தும் கருவி எளியது, விலையும் குறைந்தது.

இவ்வாறாக, சில ஆயிரம் வண்டிகளே ஓடிய ஒரு மாநிலத்தில், பொது நிலையங்கள் பலவற்றில் இருவகைக் கருவிகளையும் நிறுத்தவேண்டியதாயிற்று. 2001ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வளி வளச் சபை தீர்ப்புரைத்தது. உலோக முனைச் செருகியே மாநிலத்தின் நியமம் என்பது அத்தீர்ப்பு. அடுத்த ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் துடுப்பைக் கைவிட்டது. அக்கம்பனி மொத்தத்திற் செய்த 1,117 ஈ.வி.1 வண்டிகளும் வாடகைக்கு விடப்பட்டவையாதலின், அவற்றை மீளப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கியும் விட்டது. ஆனால் ரொயோட்டா வண்டிகளிலும் துடுப்பு முறை இருந்தது; அவற்றை விலைகொடுத்து வாங்கியோரும் இருந்தனர். பழைய துடுப்புக் கருவிகளைத் தேடிப் பேணும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. இதிலும் வேடிக்கை யாதெனில், அன்று வென்ற செருகியும் நிலைக்கவில்லை. யப்பானிய யசாக்கி கம்பனி வகுத்த ஐந்து முனை வட்டச் செருகியை அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 2010இல் ஏற்றபோது, 2001இன் வெற்றியும் பழங்கதையாயிற்று.

அதே 2010இல், தோக்கியோ மின்சாரக் கம்பனியும் நிசான், மிற்சுபிசி முதலிய மோட்டார்க் கம்பனிகளும் கூடி, விரைவாக மின்னேற்றுதற்கென ஒரு முறையை முன்வைத்தன. அதற்கு இட்ட பெயர் சாடேமோ. தேநீராவது அருந்தலாமே என்று விருந்தினரை உபசரிக்கும் யப்பானிய வார்த்தையை ஒலிப்பது அப்பெயர். தேநீர் அருந்தி முடிவதற்குள் வண்டி ஆயத்தமாகிவிடும் என்பது குறிப்பு. உண்மையில் அரை மணி நேரமளவு செல்லும். நாகரிகமான பெயர்தான், ஆயினும் வீட்டு ஆடலோட்டத்துக்கு ஒரு குதையும், விரைவான நேரோட்டத்துக்கு வேறொரு பெரிய குதையுமாக, வண்டிக்கு இரண்டு வாய்கள் வேண்டியிருந்தன. இக்குறையைச் சுட்டியே 2011இல் ஜேர்மனிய, அமெரிக்கக் கம்பனிகள் ஏழு ஒன்றுகூடின. வழமையான செருகியின் அடியில் நேரோட்டத்துக்கென இரண்டு தடித்த முனைகளைச் சேர்த்து, கொம்போ எனப்படும் ஒருங்கிணைந்த செருகியை அவை அறிவித்தன. தேநீர்ச் செருகி அதற்கு முன்னரே தெருவுக்கு வந்துவிட்டது. கொம்போ பிந்தி வந்தது. ஆனால் அதன் பின்னால் நின்றோர் தொகை பெரிது.

ஐரோப்பாவில் நடந்தது வேறு வகையான வழக்கு. ஜேர்மனியின் மெனெக்கஸ் நிறுவனம் 2009இல் ஏழு முனைச் செருகியொன்றை முன்வைத்தது. வீடுகளுக்கும் மூவவத்தை மின்சாரம் செல்லும் ஐரோப்பிய நாடுகளுக்கு அது பொருத்தமானது. பிரான்சிலும் இத்தாலியிலுமுள்ள மின்பொருட் கம்பனிகள் 2010இல் வேறொரு செருகியுடன் எதிர்நின்றன. அவற்றின் வாதம் குழந்தைகளைப் பற்றியது. குதையின் துளைகளுக்கு மூடியிருத்தல் வேண்டும், மூடியில்லாத குதையில் விரல் நுழையுமன்றோ என்றனர். மின்சாரம் தக்க சமிக்ஞை வருமுன் பாயாது, ஆதலின் மூடி வேண்டியதில்லை என்றனர் ஜேர்மனியர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது; இரு தரப்பிலும் வியாபாரமும் இருந்தது. உலக மின்தொழினுட்ப ஆணைக்குழு 2011இல் எவரையும் பகைக்காமல், வட்டச் செருகி உட்பட மூன்றையும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகைகளென ஒரே நூலில் அச்சிட்டது. மூன்றையும் நியமம் என்பது எதையும் நியமம் என்னாததற்கு ஒப்பானதே. பின்பு மெனெக்கஸ் தன் குதைக்கும் மூடி செய்து காட்டிற்று. எதிர்வாதத்தின் வலு குன்றியது. 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் வகுத்தது. 2017 நவெம்பர் 18ஆம் தேதி முதல், புதிதாக அமையும் பொது மின்னேற்றிகளில், ஆடலோட்டத்துக்கு இரண்டாம் வகையும் விரைவான நேரோட்டத்துக்குக் கொம்போவும் கட்டாயம் இருத்தல் வேண்டும். விரும்புவோர் தேநீர்ச் செருகியையும் அருகில் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலோ எவரும் இவ்வாறு கட்டளையிடவில்லை. டெஸ்லா கம்பனி 2012இல் தனக்கெனவே ஒரு மெலிந்த செருகியையும் தன் வண்டிகளுக்கு மட்டும் உதவும் நிலையங்களையும் அமைத்தது. ஆடலோட்டமும் நேரோட்டமும் ஒரே இரு முனைகள் வழியாகச் செல்லுமாறு வகுக்கப்பட்டதால், அச்செருகி கைக்கு அடக்கமாயிருந்தது. ஏனையோருக்கு உதவியாக வந்தது எதிர்பாராத பணம். டீசல் கார்களின் புகைக் கணக்கில் வொக்ஸ்வாகன் செய்த மோசடி 2015இல் வெளிப்பட, அதற்குப் பரிகாரமாகப் பத்து ஆண்டுகளில் 200 கோடி டொலரை மின்வண்டிகளுக்கெனச் செலவிட அக்கம்பனி இணங்கியது. டீசலின் பாவத்தினால் மின்வண்டிக்கு வழி பிறந்தது. எனினும் தெருவோரத்தில் நம்பத்தக்க நிலையங்கள் டெஸ்லாவினவே என்பது மக்கள் அனுபவமாயிற்று.

2022 நவெம்பரில் டெஸ்லா தன் செருகியின் வரைபடத்தை வெளியிட்டு, வட அமெரிக்க மின்னேற்ற நியமம் என அதற்குத் தானே பெயரும் சூட்டியது. 2023 பெப்ரவரியில், அமெரிக்க அரசாங்கம் 500 கோடி டொலர்த் திட்டத்துக்கான விதிகளை வெளியிட்டு, அரசாங்கப் பணத்தில் அமையும் விரைவு மின்னேற்றிகளில் கொம்போ செருகி இருத்தல் வேண்டுமென்றது. அதே ஆண்டு மே மாதத்தில், கொம்போவை அறிவித்த எழுவரில் ஒன்றாகிய போர்ட், டெஸ்லாவின் செருகியைத் தழுவிற்று. யூன் மாதத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் பின்தொடர்ந்தது. ஆண்டு முடியுமுன் பொறியியலாளர் சங்கம் அதற்கு ஜே 3400 என்னும் இலக்கமும் வழங்கியது. அதே டெஸ்லா, ஐரோப்பாவில் விற்கும் வண்டிகளிற் கொம்போவை 2019 முதலே ஏற்று நடந்ததென்பது கவனித்தற்குரியது. சட்டம் காலத்தோடு வந்த இடத்தில் பணிந்த கம்பனி, சட்டம் காலந்தாழ்த்திய இடத்தில் சட்டத்தையே முந்திற்று.

சீனா தன் அகன்ற சந்தையில் 2011 முதல் தனக்கென வேறு நியமம் வைத்து, எவருடனும் வாதாடாமல் நடந்துகொண்டது.

இவ்வழக்கின் செலவு இலங்கைக்கும் வந்தது. 2014, 2015 ஆண்டுகளில், யப்பானில் ஓடிப் பழகிய நிசான் லீப் கார்கள் ஆயிரக்கணக்கில் இங்கு இறக்குமதியாயின. அவை யப்பானுக்கெனச் செய்தவை. ஆகவே தேநீர்ச் செருகியும் உடன் வந்தது. தெருவோர விரைவு மின்னேற்றிகளும் அதற்கேற்ப எழுந்தன. மின்கலவடுக்கு முதுமையடைந்து, ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரம் குறையக் குறைய, அந்நிலையங்களின் தேவை அவ்வண்டிக்காரருக்கு மிகுந்தது. 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபின் வந்த புதிய மின்வண்டிகள் பலவற்றில் இருப்பதோ கொம்போ. புதிய நிலையம் அமைப்போர் எதை நோக்கி அமைப்பர் என்பது ஊகிக்கத்தக்கதே. நெடுந்தூரம் புறப்படும் பழைய லீப் வண்டிக்காரர், வழியிலுள்ள நிலையத்தில் எந்தச் செருகி தொங்குகிறதென முன்னரே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

நிசான் கம்பனி 2025இல் லீப் வண்டியைப் புதிதாக வகுத்தது. வட அமெரிக்காவில் விற்கும் வண்டிக்கு விரைவு மின்னேற்றத்துக்கு டெஸ்லாவின் குதை. ஐரோப்பாவில் விற்கும் வண்டிக்குக் கொம்போ. தாய்நாட்டில் விற்கும் வண்டியில் தேநீர்ச் செருகிக்குரிய குதை இன்னும் இருக்கிறது.